அண்ணன் மாட்டச் சொன்ன ஒரிஜினல் பம்ப்

பழைய காருக்கு லோக்கல் ஆயில் பம்ப் நல்லதா, ஒரிஜினல் நல்லதா என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று கோபம் வரும். கேட்கிறவன் பாவம், ஆசைப்பட்டு ஒரு பழைய வண்டியை வாங்கிவிட்டு விவரம் தெரிந்துகொள்ளத்தான் கேட்பான். "எது கிடைக்குதோ அதை மாட்டித் தொலையும்வே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். திமிர் பிடித்த மெக்கானிக் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம். வாங்கினால் வாங்கிவிட்டுப் போகிறது.

சங்கரன்கோவில் கார் ஸ்டாண்டில் அப்போது நாலைந்து வாடகைக் கார்கள்தான். அதில் ஒன்று எங்களுடையது. அண்ணன் ஓட்டுவான், நான் ரிப்பேர் பார்ப்பேன். என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். பேச்செல்லாம் நீ, நான் என்றுதான். வண்டி யுத்தத்துக்கு முந்தின சீமை வண்டி. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் முந்தின முதலாளி பின்பக்கம் கரி அடுப்பைக் கட்டி, கரி வாயுவில் ஓட்டியிருக்கிறார். அப்படி ஓடின இன்ஜின் என்ன லட்சணத்தில் இருக்கும்? வாங்கின முதல் வருஷம் முழுக்க நான் வண்டிக்கு அடியில்தான் குடியிருந்தேன். ஒரு வழியாக மனுஷர் ஏறுகிற மாதிரி ஆக்கினோம். கல்யாணம் காட்சிக்குக் கடையநல்லூர், கரிவலம், ஆஸ்பத்திரி அவசரத்துக்குப் பாளையங்கோட்டை என்று நன்றாகவே ஓடியது.

ஆயில் பம்ப் மட்டும்தான் எங்களைப் படுத்தி எடுத்தது. விஷயம் ஒன்றும் பெரிசில்லை. இன்ஜினுக்கு அடியில் சேம்பர் என்று ஒரு தொட்டி, அதில் எண்ணெய் கிடக்கும். அதை உறிஞ்சி மேலே பேரிங்குகளுக்கு அனுப்புவது பம்ப்பின் வேலை. ரெண்டு பல் சக்கரம், ஒரு மூடித் தகடு, உறிஞ்சுகிற வாயில் ஒரு கம்பி வலை, அவ்வளவுதான் மொத்தச் சாமானும். எண்ணெய் மேலே போகாவிட்டால் பேரிங் காய்ந்து உருகி இன்ஜின் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு நாலு பேர் சேர்ந்து முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றினாலும் அசையாது.

யுத்தத்தோடு ஒரிஜினல் சாமான் வரத்து நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு வந்த கொஞ்சமும் மெட்ராஸைத் தாண்டி எங்கள் பக்கம் வராது. மதுரையில் ஒரு பட்டறையில் பழைய பம்ப்பைப் பார்த்துப் புதுசு கடைந்து கொடுப்பார்கள். லோக்கல் பம்ப் என்றால் அதுதான். முரட்டுச் சாமான். பல்லுக்குப் பல் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். எண்ணெய் மேலே போகிற அழுத்தத்தைக் காட்டுகிற ஆயில் மீட்டரில் முள் பாதிக்கு மேல் ஏறாது. ஏறாவிட்டால் என்ன, வண்டி ஓடும். ஸ்டாண்டில் மற்ற வண்டிகளெல்லாம் அதில்தான் வருஷக்கணக்காக ஓடின. எங்கள் வண்டியில் மட்டும் அதற்கு ஆயுசே கிடையாது. மாட்டின கொஞ்ச மாசத்தில் முள் படுத்துவிடும். கழற்றிப் பார்த்தால் மூடித் தகட்டில் பூனை பிறாண்டின மாதிரி கோடு கோடாக இருக்கும். பல்லெல்லாம் மழுங்கிப்போயிருக்கும்.

"பச்சை இரும்புலே இது" என்பான் அண்ணன். "லோக்கல்காரன் பச்சை இரும்பைக் கடைஞ்சு நம்ம தலையில கட்டுதான்."

"அப்போ பக்கத்து வண்டிக்காரரு என்னத்தை மாட்டியிருக்காரு? தங்கமா? அதே பட்டறைச் சாமான்தான?"

"அவரு வண்டி வேற, நம்ம வண்டி வேற. ஒரிஜினல் ஒண்ணு கிடைச்சா இந்தப் பீடை ஒழிஞ்சிரும்."

எனக்கு ஒரிஜினல் பைத்தியம் கிடையாது. ரோட்டுத் தூசி எங்கேயோ உள்ளே போகிறது என்று நினைத்தேன். எண்ணெய் மாற்றும்போதெல்லாம் சேம்பரின் அடியில் நறநறவென்று கையில் ஏதோ படும். கரிசல் புழுதி என்று நினைத்துக் கழுவி ஊற்றிவிடுவேன். எந்த ஓட்டை வழியாக வருகிறது என்று தேடித் தேடி எனக்குக் கண் பூத்துப்போனது.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணன் பெண்டாட்டி. கரிவலத்துக்காரி. தாய் இல்லாத பெண். எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கோமதியம்மனே அவளுக்குத் தாய் என்று ஆகிவிட்டது. திங்கள், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போவாள், திரும்பும்போது பொட்டலத்தில் கோயில் புற்று மண் இருக்கும். காய்ச்சலா, புற்று மண். சிரங்கா, புற்று மண். பசுமாடு தீனி எடுக்கவில்லையா, அதற்கும் அதே. எங்கள் ஊரில் இது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஆனால் மற்றவர்கள் நெற்றியிலும் புண்ணிலும் பூசுவதோடு விட்டுவிடுவார்கள். மதினி விட மாட்டாள். தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும் வைப்பாள்.

ஒரு தடவை எனக்குத் தொடையில் கட்டி. மதினி டம்ளரோடு வந்து நின்றாள்.

"வாயைத் திறங்க கொழுந்தனாரே. மேல பூசினா மட்டும் கேக்காது, உள்ளுக்கும் போகணும்."

"சோறு போடுத மதினியைப் பாத்திருக்கேன், மண்ணு போடுத மதினியை இங்கனதான் பாக்கேன்."

"நாக்கு நீளம் மட்டும் குறைச்சலில்ல. குடிங்க."

குடித்தேன். கட்டி உடைந்தது. அது உடைகிற நாளில் உடைந்திருக்கும். ஆனால் மதினி முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நான் வாயைத் திறக்கவில்லை. வண்டிக்கும் அவள் பானெட்டில் ஒரு விரல் பூசுவாள். அண்ணன் அதைத் துடைக்காமல் வைத்திருப்பான். அவனுக்கு அவள் மேல் அப்படி ஒரு பிரியம். வெளியே காட்டிக்கொள்ள மாட்டான், ஆனால் சவாரி போன இடத்தில் எல்லாம் அவளுக்கு வளையலோ பூவோ வாங்காமல் வந்ததில்லை.

கொழும்பில் ஜவுளிக் கடை வைத்திருந்த கடையநல்லூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் எங்கள் வண்டியைத்தான் பிடிப்பார். அண்ணன் அவரிடம் சொல்லி வைத்திருந்தான் போலிருக்கிறது. ஒரு தடவை வரும்போது மெழுகுத் தாளில் சுற்றின ஒரு டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரிஜினல் பம்ப். அண்ணன் அதைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மதினிக்கு அப்போது நிறைமாசம்.

"இப்போ பாருலே ரெண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை" என்று முற்றத்தில் ஒரு சட்டியில் எண்ணெயை ஊற்றி என்னை உட்கார வைத்தான். முதலில் லோக்கல் பம்ப்பை எண்ணெயில் முக்கி, திருப்புளியால் சுற்றினேன். குளுக் குளுக்கென்று விட்டு விட்டுத் துப்பியது. பிறகு ஒரிஜினல். கையில் எடுத்தபோதே தெரிந்துவிட்டது, அது வேறு சாதி. பல்லில் துளி ஆட்டம் இல்லை. ஒரு சுற்று சுற்றினேன் பாருங்கள், எண்ணெய் சீறிக்கொண்டு போய்க் கொடியில் காய்ந்த மதினியின் சேலையில் அடித்தது.

"ஐயோ ஐயோ, ரெண்டு பேரும் விளங்குவீங்களா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அண்ணன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அந்த மாதிரி அவன் சிரித்து அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை.

சேலையை உதறிவிட்டு மதினியும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தாள். ரெண்டு பம்ப்பின் வாயிலும் இருந்த கம்பி வலையைத் தொட்டுப் பார்த்தாள். லோக்கலில் வலை கடலை சலிக்கிற மாதிரி கண் பெரிசு. ஒரிஜினலில் பொடிக் கண்.

"இதுல மாவு சலிக்கலாம் போலிருக்கே" என்றாள்.

"அதான் ஒரிஜினல்" என்றான் அண்ணன். "ஒரு தூசி துரும்பு மேல போகாது."

மறுநாள் காலையில் பம்ப்பை மாட்டிப் புது எண்ணெய் ஊற்றினேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க அண்ணன் நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கிணற்றடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தால், மதினி இன்ஜின் பக்கத்தில் நின்று எண்ணெய் ஊற்றுகிற வாயின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"திறந்து கிடந்துச்சு, மூடினேன்" என்றாள்.

"தள்ளுங்க மதினி, சேலையில கறை பட்டா அப்புறம் எங்களைத்தான் வைவீங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அவள் பானெட்டில் மண் பூசவில்லை. அதை நான் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்திருக்கிறான்.

வண்டியை ஸ்டார்ட் செய்ததும் மீட்டரில் முள் எகிறி நின்றது. வண்டியில் அந்த மாதிரி முள்ளை நாங்கள் பார்த்ததே கிடையாது. அண்ணன் ஸ்டாண்டில் உள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டினான். நானும் ஒப்புக்கொண்டேன், என்ன செய்ய, நல்ல சாமானை நல்ல சாமான் என்றுதானே சொல்ல வேண்டும். கொஞ்ச நாள் போனதும் முள் லேசாக இறங்கினது. லோக்கல் பம்ப்பாக இருந்தால் அன்றைக்கே சேம்பரைக் கழற்றியிருப்போம். "மீட்டர் கோளாறுலே. பம்ப்பு ஒரிஜினல்லா" என்றான் அண்ணன். ரெண்டு நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டேன். அதற்குள் மதினிக்கு வலி கண்டுவிட்டது.

பெண் குழந்தை. நல்லபடியாகத்தான் பிறந்தது. எங்கள் அம்மா வெளியே வந்து சொன்னதும் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு மிட்டாய் வாங்கக் கிளம்பிவிட்டான். அவன் செருப்பு மாட்டுவதற்குள் மருத்துவச்சி திரும்பக் கூப்பிட்டாள். ரத்தம் நிற்கவில்லை. உள்ளூர் டாக்டர் வந்து ஊசி போட்டுப் பார்த்தார். "தாமதிக்காதீங்க, பாளையங்கோட்டைக்குக் கொண்டு போங்க, போய்ச் சேந்துட்டா பிழைச்சுக்கிடுவா" என்றார்.

பக்கத்து வண்டிக்காரர் தன் காரைத் தெருவுக்கே கொண்டுவந்துவிட்டார். நல்ல மனுஷர். "ஏறுங்கவே, நான் ஓட்டுதேன். பொண்டாட்டியை இப்படிக் கிடத்திக்கிட்டு நீரு ஓட்ட வேண்டாம்" என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. உங்க லோக்கல் பம்ப்பை நம்பி இவளை ஏத்த மாட்டேன். என் வண்டில ஒரிஜினல் கிடக்கு."

அவர் அதற்கு ஒன்றும் கோபப்படவில்லை. மதினியைத் தூக்கி எங்கள் வண்டியில் கிடத்த அவரும்தான் ஒரு கை பிடித்தார்.

குழந்தையை மருத்துவச்சியிடம் விட்டுவிட்டு, பின் சீட்டில் அம்மா மதினியின் தலையை மடியில் வைத்திருந்தாள். நான் முன்னால் அண்ணன் பக்கத்தில். உச்சி வெயில். தார் ரோடு எல்லாம் அப்போது எங்கே இருந்தது, கப்பிக் கல்லில் வண்டி குதித்துக் குதித்துப் போனது. அண்ணன் அவ்வளவு வேகமாக ஓட்டி நான் பார்த்ததில்லை. மேலநீலிதநல்லூர் தாண்டினதும் மீட்டரைப் பார்த்தேன். முள் இறங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணே, நிப்பாட்டு. எண்ணெயைப் பாத்துருதேன்."

"மீட்டர் பொய்யிலே."

"நிப்பாட்டுங்கேன்!"

நிறுத்தினான். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் முழுசாக இருந்தது. எண்ணெய் இருக்கிறது, பம்ப் புதுசு, பிறகு என்ன கேடு? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "ஏறுலே, ஏறு" என்று அண்ணன் கத்தினான். ஏறினேன். கொஞ்ச தூரத்தில் டக் டக்கென்று பேரிங் அடிக்க ஆரம்பித்தது. அண்ணன் மிதியை விடவே இல்லை. விட்டால் மட்டும் என்ன ஆகியிருக்கும்? தேவர்குளத்துக்கு இந்தப் பக்கம், ரெண்டு பக்கமும் பருத்திக் காடு, ஒரு வீடு கிடையாது. அங்கே இன்ஜின் கிரீச்சென்று ஒரு சத்தம் போட்டுப் பிடித்துக்கொண்டது. ஹேண்டில் போட்டுத் தொங்கினேன். மயிரளவு அசையவில்லை.

அண்ணன் மாட்டு வண்டி பிடிக்கக் காட்டுக்குள் இறங்கி ஓடினான். அம்மா மதினியின் தலையை என் மடிக்கு மாற்றிவிட்டு, பஸ் எதுவும் வருகிறதா என்று நடு ரோட்டில் போய் நின்று கத்திக்கொண்டிருந்தாள். சீட்டெல்லாம் நனைந்து கீழே சொட்டியது. மதினி கண்ணைத் திறந்தாள்.

"வண்டி நின்னுட்டா?"

"சூடாயிட்டு மதினி. ஆறினதும் கிளம்பிரும்."

"கிளம்பிரும். ஒண்ணும் ஆகாது" என்றாள். உதடு வெள்ளையாக இருந்தது. "நான்தான் உள்ளுக்குக் குடுத்திருக்கேம்லா."

"என்னது?"

"அம்மன் மண்ணு. ஒவ்வொரு தடவை எண்ணெய் மாத்தும்போதும் ரெண்டு விரல்ல ஒரு சிமிட்டாப் போடுவேன். இந்தத் தடவை புது பம்ப்புல்லா, பிள்ளையும் வரப்போகுதுன்னு ஒரு பொட்டலத்தையும் போட்டேன். பயப்படாதீங்க."

எனக்கு அந்த நிமிஷமே எல்லாம் விளங்கிவிட்டது. கோடு கோடாகக் கிடந்த தகடு, மழுங்கின பல், சேம்பரில் நறநறத்தது, எல்லாம். லோக்கல் பம்ப் அந்த மண்ணைத் தன் பெரிய கண் வழியாக விழுங்கி, தானும் தேய்ந்து, வண்டியையும் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது. ஒரிஜினல் விழுங்கவில்லை. மாவு சலிக்கிற வலையில் மண் அப்பி அடைத்துவிட்டது. அடப்பாவி மகளே என்று கத்தத் தோன்றியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா மதினி. ஒண்ணும் ஆகாது" என்றேன்.

அண்ணன் வண்டியும் மாடுமாக வந்து சேர்ந்தபோது அவள் இல்லை. அவன் ஓடி வந்த வேகத்தில் கதவைத் திறந்து, "ஏட்டி, வண்டி வந்துட்டு" என்றான். நான் அவனைப் பிடித்துக்கொண்டேன். அந்த மாட்டு வண்டியில்தான் ஊர் திரும்பினோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு காரை மாடு கட்டி இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். அண்ணன் படுத்த படுக்கையாகக் கிடந்தான். நான் கதவைச் சாத்திக்கொண்டு சேம்பரை இறக்கினேன். நினைத்தது சரிதான். கம்பி வலை தெரியவே இல்லை, மண்ணும் எண்ணெயும் குழைந்து களி மாதிரி அப்பியிருந்தது. பேரிங் எல்லாம் உருகி வழிந்திருந்தது. பம்ப்பில் ஒரு கீறல் இல்லை. அப்படி ஒரு நல்ல சாமான். வந்த ஆத்திரத்தில் அந்த மண்ணை வழித்துத் தெருவில் விட்டெறிந்தேன். எந்தத் தாய் பிள்ளைக்கு இப்படிச் செய்வாள் என்று கோயில் பக்கம் பார்த்துக் கத்தினேன், கெட்ட வார்த்தைகூடச் சொன்னேன். பிறகு ஜனங்கள் மிதிப்பார்களே என்று நானே போய்க் குனிந்து அதை அள்ளி, கொல்லையில் செவ்வரளிச் செடி மூட்டில் புதைத்தேன். வலையை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். நுனி விரலால் தடவிப் பார்த்து, ஒரு பொடி இல்லை என்று ஆகிற வரைக்கும் கழுவினேன்.

அண்ணன் எழுந்து வந்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"என்னலே ஆச்சு பம்ப்புக்கு?"

"டூப்ளிகேட் அண்ணே. ஒரிஜினல் டப்பாவுல மட்டமான சாமானை வச்சு எவனோ கொழும்புல அந்த ஜவுளிக் கடைக்காரரை ஏமாத்திட்டான். உள்ள ஷாப்ட் முறிஞ்சு கிடந்துச்சு. நான் தூக்கிக் குளத்துல வீசிட்டேன்."

பொய்தான், குளத்தில் வீசினது மட்டும் நிஜம். இன்றைக்கு யாராவது கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு நியாயம் பேசினார்கள். லோக்கல்தான் நமக்குத் தோது என்றார்கள் சிலர். நிஜ ஒரிஜினலாக இருந்தால் பாளையங்கோட்டை போய்ச் சேர்ந்திருக்கும் என்றார்கள் சிலர். எனக்கு அங்கே நிற்க முடியாது. இன்ஜினுக்குப் புது பேரிங் வார்த்து, பட்டறையிலிருந்து லோக்கல் பம்ப் வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பம்ப் தேயவே இல்லை. வருஷக்கணக்கில் ஓடியது. "பாத்தியா, லோக்கல்காரன் இப்போ நல்ல இரும்பு போடுதான்" என்பான் அண்ணன்.

குழந்தையை அம்மா ஆட்டுப் பாலில் வளர்த்தாள். அது எட்டு வைத்து நடக்கிற சமயத்தில் ஆடித் தபசு வந்தது. ஊரே ஜனம். அண்ணன் குழந்தையைத் தோளில் வைத்துக் கோயிலுக்குப் போய்விட்டு ஷெட்டுக்கு வந்தான். கையில் புற்று மண் பொட்டலம். நான் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தேன். பொட்டலத்தைப் பிரித்துக் குழந்தை நெற்றியில் பூசினான். அப்புறம் பானெட்டில், அவள் பூசுகிற அதே இடத்தில், ஒரு விரல் பூசினான். கையை எடுக்காமல் அப்படியே நின்றான்.

"ஒண்ணு தெரியுமாலே? யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பம்ப்பு மாட்டுன அன்னைக்கு அவ வண்டிக்கு மண்ணு பூசல. நான் பாத்தேன். நிறைமாசம், மறந்துட்டா பாவம். நானாவது ஞாபகப்படுத்தியிருக்கணும். பூசியிருந்தா டூப்ளிகேட் பம்ப்பாவே இருந்தாலும் ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடியிருக்கும்லா?"

அவன் தோளில் இருந்த குழந்தை மண் பொட்டலத்துக்குக் கையை நீட்டியது.

"ஆமா அண்ணே" என்றேன். "ஓடியிருக்கும்."

எண்ணெய் வாயின் மூடி திறந்து கிடந்தது. அதை எடுத்து இறுக்கித் திருகினேன்.